அன்னார் ஒரு சுவர்

யாழ்ப்பாணம் குருநகரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கல்வீடு அவர்கள் சென்ற மாரியில் இறைபதம் அடைந்தார். அன்னார் காலஞ்சென்ற சுண்ணாம்புச் சாந்தின் பாசமிகு துணைவியும், முருகைக்கல், பனஞ்சலாகை, பீலி ஓடு ஆகியோரின் அன்புத் தாயாரும், ரொறன்ரோவிலிருந்து வந்த காசின் அருமை மாமியாரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். தகவல்: பெயின்ற் கடை.

இப்படி ஓர் அறிவித்தல் எந்தப் பேப்பரிலும் வராது. ஆள் செத்தால் கால்பக்கம், முப்பத்தோராம் நாளுக்கு அரைப்பக்கம், ஆண்டு நினைவுக்குக் கலர்ப்படம் என்று போடுகிற ஊர் எங்களுடையது. வீடு செத்தால் மட்டும் "றெனவேசன் முடிஞ்சுது" என்று வாசலில் நின்று படமெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். அங்கிருந்து கைகூப்பிய பொம்மைகள் திரும்பி வருகின்றன.

எந்த வீடு என்று கேட்காதீர்கள். கடற்கரை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் எந்த ஒழுங்கைக்குள்ளும் ஒன்று கிடக்கிறது. ஒன்றரை அடி, இரண்டடிச் சுவர். புது எமல்சன். அதன் கீழே தரையோடு ஒரு கை வைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் ஈரம் ஒட்டும். விரலால் தட்டிப் பாருங்கள். பொய்ப் பல் மாதிரி ஓசை வரும். நகத்தால் கிண்டினால் பெயின்ற் ஒரு தோலாக உரிந்து வரும். அதன் பின்னால் வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக உப்புப் பூத்திருக்கும். அதற்கும் பின்னால் சீமெந்துப் பூச்சு ஒரு பலகையாகக் கழன்று நிற்கும். அந்தப் பலகை சும்மா கழன்று விழாது, கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டுதான் விழும். நூறு மாரி கண்ட கல் ஐந்து வருடத்தில் மாவாகிக் கொட்டுகிறது. வீட்டுக்கார அக்கா ஒவ்வொரு காலையும் அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுகிறா. குப்பையில் போவது சுவர் என்று அவவுக்குத் தெரியும். மதிப்பீடு எழுதுகிற ஓவசியருக்குத்தான் தெரியவில்லை. தெரிந்தால் தொழில் நடக்காது.

குருநகரில் ஓதம் என்பது புதினமில்லை. தெற்கே பரவைக்கடல். ஊரின் ஒரு பகுதி கடலை நிரவி எடுத்த நிலம். கிராம அலுவலர் பிரிவுக்கே றெக்கிளமேசன் கிழக்கு, மேற்கு என்றுதான் பெயர். வைகாசியில் சோளகம் எழும்பினால் உப்புக் காற்று கதவுக் கொண்டி முதல் பூட்டுத் திறப்பு வரை தின்னும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடையோடு மழை. கீழே நிலம் சுண்ணாம்புக்கல், துளைதுளையாகத் தண்ணீர் குடித்த கல். மேலே, கீழே, பக்கத்தில் என்று மூன்று திசையாலும் ஈரம் வரும் இடத்தில் ஒரு தலைமுறை கல்லால் வீடு கட்டிக் குடியிருந்தது என்றால், அந்த மனிசர் மடையர்களாக இருந்திருக்க முடியாது.

அவர்கள் ஈரத்தோடு சண்டை பிடிக்கவில்லை. மாரியில் சுவர் ஊறும், பங்குனியில் காயும், அவ்வளவுதான். கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தைக் குடித்து ஆவியாக வெளியே விடும். உப்பு வரும், வரட்டும்; அது சுண்ணாம்புப் பூச்சுக்குள் வந்து படியும், பூச்சு உதிரும், கல் தப்பும். உதிர்வதுதான் பூச்சின் உத்தியோகம். சில வருடத்துக்கு ஒருமுறை கீழ்ப்பக்கத்தைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசுவார்கள். பெருநாளுக்கு முன்னம் வெள்ளையடிப்பார்கள். சுட்ட சுண்ணாம்பைக் குழியில் நீற்றிக் கிடக்கவிட்டு, மணலோடு குழைத்து, பனங்கட்டித் தண்ணியோ கடுக்காய்த் தண்ணியோ விட்டு அடித்தெடுத்த சாந்து அது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது காற்றில் போன கரியமிலவாயுவைப் பூசிய பிறகு சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும். சாந்து மறுபடி கல்லாகும். அது மாதக்கணக்கில் நடக்கிற வேலை. மூன்று கிழமை லீவில் வருகிறவருக்கு அது எப்படிச் சரிவரும்?

ஆகவே சீமெந்து. ஒன்றுக்கு ஐந்து என்று மணல் கலந்து, மட்டக்கோல் பிடித்து, கண்ணாடி மாதிரித் தேய்த்து, புட்டி வைத்து, அதன் மேல் "வெதர்" என்று தொடங்கும் ஏதோ ஒரு பெயின்ற். இதன் பிறகு சுவர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கிணற்றுக்குள் நிற்பவனாகிவிடுகிறது. கீழே இருந்து வரும் தண்ணி வந்துகொண்டே இருக்கும். வெளியே போக வழி மட்டும் அடைபட்டிருக்கும். தண்ணிக்கு ரோசம் உண்டு. கீழே விடாவிட்டால் மேலே ஏறும். முன்பு முழங்கால் அளவில் நின்ற ஓதம் இப்போது யன்னல் கட்டையில் வந்து நிற்கிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால், கல்லுக்குள்ளேயே இருந்து படிகமாகி வீங்குகிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரணக் கறியுப்பு தானாகவே தண்ணியை இழுத்துக் கரையும். குறைந்தால் மறுபடி படிகமாகும். குருநகரில் இரவு கரையும், மத்தியானம் இறுகும். மழையே இல்லாத ஆடி மாதத்தில் சுவர் ஏன் வியர்க்கிறது என்பதற்கு மறுமொழி இதுதான். நாளாந்தம் ஒருமுறை கல்லுக்குள் ஓர் ஆப்பு இறுகுகிறது.

இதற்கு எங்களிடம் உள்ள வைத்தியத்தைக் கேளுங்கள்.

"மேசனார், போன வருசந்தானே பூசினனீங்கள். திரும்பவும் பொருமிப் பெயருது."

"அது அக்கா, சீமெந்து காணாமல் போச்சு. இந்த முறை ரெண்டு பை கூடப் போட்டு, வோட்டர் புறூவும் கலந்து விடுவம். பிறகு ஒரு சொட்டு வராது."

"அம்மாவின்ர காலத்தில சுண்ணாம்பு தானே பூசினது..."

"அது அந்தக் காலம் அக்கா. இப்ப சுண்ணாம்பு வெத்திலைக்குத்தான்."

மேசனாரில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குச் சாந்தகப்பை பிடிக்கப் பழக்கியவர்களே சீமெந்துக் காலத்து ஆட்கள். நாட்கூலிக்கு நிற்கிறவர் காய்வதற்காகக் காத்திருந்தால் அவருடைய அடுப்பு காயும். என் கோபம் மதிப்பீடு எழுதுகிறவரில். கல் சுவரைக் கண்ணால் கண்ட பிறகும், சுண்ணாம்பு என்ற சொல்லை வெள்ளையடிக்கிற வரியில் மட்டும் எழுதிவிட்டு, அடியில் கையெழுத்தும் முத்திரையும் வைக்கிற படித்தவரில். வைத்தியர் ஒருவர் எல்லா நோயாளிக்கும் ஒரே குளிசையை எழுதினால் ஊர் விடுமா? இங்கே அதற்குக் கட்டணமும் கொடுத்து, கதிரையும் போட்டு, சோடாவும் உடைத்துக் கொடுக்கிறோம்.

போர் இந்தச் சுவர்களுக்குச் செய்த ஓர் உபகாரத்தையும் மறைக்கக் கூடாது. எங்கள் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டிச் சுட்டுச் சீமெந்தாக்கி நாடு முழுக்க விற்ற காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990 இல் நின்றது. குழி எங்களுக்கு மிஞ்சியது. அதே காலத்தில், வடக்குக்குப் போகக்கூடாத பொருள்களின் பட்டியலில் அரசு சீமெந்தையும் சேர்த்தது, பங்கர் கட்டிவிடுவோமாம். சீமெந்து இல்லாததால் கல்வீடுகள் தப்பின. 1993 நவம்பர் 13 இல் இதே குருநகரில் புனித யாகப்பர் ஆலயத்தில் விமானம் குண்டு போட்டது, சனம் செத்தது, தப்பிய சுவர்கள் வெடித்தும் நின்றன. 1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஆளில்லாத வீடுகள் தாமாகவே ஊறித் தாமாகவே காய்ந்தன. 2002 இல் ஏ9 வீதி திறந்தது. லொறி லொறியாகச் சமாதானம் வந்தது, ஐம்பது கிலோப் பைகளில். விமானப்படையால் முடிக்க முடியாமல் போன வேலையை, மட்டக்கோலோடு வந்த ஓர் ஓவசியர் ஐந்தே வருடத்தில் முடித்துக் கொடுத்தார். அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தாமல் விட்டது எங்கள் நன்றிகெட்ட தனம்.

சுவருக்கு இவ்வளவு. இனி வெக்கை. வெக்கையைப் பற்றி லண்டன் சித்தப்பா தொலைபேசியில் வருவார். "தம்பி, இஞ்ச நாங்கள் எல்லாம் இன்சுலேசன் அடிச்சுத்தான் இருக்கிறம். நீ உள்பக்கம் ரெஜிபோம் ஒட்டி, மேல போட் அடிச்சு, ஏசியைப் பூட்டு. கறன்ற் பில் பாதியாக் குறையும்." சித்தப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பவுணில் சொல்கிறார்.

அந்தப் பவுண் தேசத்தின் கதையைக் கேளுங்கள். 2025 ஒக்ரோபரில் பிரித்தானியாவின் தேசிய கணக்காய்வு அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது. அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவருக்கு வெப்பக் காப்பு ஒட்டிய வீடுகளில் 98 வீதத்தில் பெரிய குறை; திருத்தாவிட்டால் ஓதமும் பூஞ்சணமும் வரும். 22,000 தொடக்கம் 23,000 வீடுகள் வரை. நூற்றுக்கு இரண்டு வீடு எப்படியோ தவறிச் சரியாகிவிட்டது. ஆங்கிலேயர் இதையும் ஒழுங்காகக் கணக்கெடுத்து அச்சடித்து வெளியிட்டார்கள் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சுவர்களை எண்ண இங்கே யாருக்கும் நேரமில்லை.

சித்தப்பாவுக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. லண்டனில் குளிர் வெளியே, ஈரக்காற்று உள்ளே. ஆவி உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். குருநகரில் ஏசி போட்ட அறைக்கு எல்லாம் தலைகீழ்: ஈரம் வெளியே, குளிர் உள்ளே. ஆவி வெளியிலிருந்து உள்ளே தள்ளும். உள்பக்கம் ரெஜிபோமும் பிளாஸ்ரிக் தாளும் ஒட்டினால் அது நேரே போய் அதன் முதுகில் ஒடுங்கித் தண்ணியாகும். அங்கே இருட்டு, ஈரம், காற்றில்லை. பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல சீதனம் யார் கொடுப்பார்? பிள்ளைக்கு இழைப்பு வரும். தாய் அதைக் கடற்காற்றின் தலையில் போடுவா.

இரண்டடிக் கல் சுவர் வெக்கைக்குக் காரணமும் இல்லை. அது வெயிலைக் குடித்து மெல்ல விடுகிற சுவர். அது சூடாகி முடிக்கப் பொழுது பட்டுவிடும். வெக்கை வருவது மேலாலே. பீலி ஓட்டுக்கு இடையால் காற்று போய்வந்தது, சூடு தப்பி ஓடியது. "பழசு, ஒழுகும், குரங்கு உடைக்கும்" என்று அதை இறக்கிவிட்டுச் சீற் போட்டோம். பனஞ்சலாகையை விறகுக்கு விற்றோம். இப்போது மத்தியானம் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வேப்பமரத்தின் கீழ் கதிரை போட்டிருந்து இன்சுலேசனைப் பற்றிக் கதைக்கிறோம்.

சீற் என்றதும் அஸ்பெஸ்டஸ் ஞாபகம் வரும். அதன் தூசி நுரையீரலைத் தின்னும் என்று உலகம் ஒத்துக்கொண்டு எத்தனையோ நாடுகள் தடை செய்துவிட்டன. இலங்கையும் 2018 தொடக்கம் இறக்குமதியை நிறுத்துவோம் என்று அறிவித்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, இலங்கைத் தேயிலைப் பெட்டியில் கப்ரா வண்டு ஒன்று கிடந்தது என்று சொல்லித் தேயிலையை மறித்தது. அஸ்பெஸ்டசை எங்களுக்கு விற்பதும் ரஷ்யா. கொழும்பு உடனே அஸ்பெஸ்டஸ் தடையை ஒத்திவைத்தது. வண்டும் உடனே சுகமானது. தேயிலை கப்பல் ஏறியது. குருநகர்க் கடற்றொழிலாளியின் தலைக்கு மேல் எது இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது அமைச்சரவையா, ஒரு வண்டா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. வண்டுக்கு ஒரு கொள்கையாவது இருந்தது.

இதையெல்லாம் பார்த்த அரசு சும்மா இருக்கவில்லை. போரில் வீடு போனவர்களுக்கு 65,000 பொருத்து வீடுகள் தருவோம் என்றது, ஆர்செலர் மிட்டல் கம்பனியிடம் வாங்கி. உருக்கு வீடு. ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா, தளபாடம், தொலைக்காட்சி சகிதம். இந்திய உதவியில் சனமே நின்று கல்லரிந்து கட்டிய வீட்டுக்குக் கொடுத்தது ஐந்தரை இலட்சம். உப்புக் காற்றில் தகரப் பூட்டே இரண்டு வருடம் தாங்காத கரையோரங்களுக்கும், சித்திரை வெயில் செம்மண்ணைச் சுடுகிற ஊர்களுக்கும் உருக்கால் வீடு! சிவில் அமைப்புகளும் பொறியியலாளர்களும் துரு, வெக்கை, அத்திவாரம் என்று குறையைப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார்கள். மாதிரி வீட்டுக்குள் மத்தியானம் ஒரு மணித்தியாலம் அமைச்சரை இருத்தியிருந்தால் அந்தத் தாள் செலவு மிஞ்சியிருக்கும். கடைசியில் எதிர்ப்பால் திட்டம் படுத்தது. திட்டத்தை எழுதியவர்கள் படுக்கவில்லை. அடுத்த திட்டத்துக்கு அதே மேசையில் இருந்திருப்பார்கள்.

பழைய கட்டடத்தைக் காக்கச் சட்டமில்லையா என்று யாராவது கேட்கலாம். ஏன் இல்லை? 1940 இலேயே தொல்பொருள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. நல்லூர் மந்திரிமனை பாதுகாக்கப்பட்ட சின்னம். வாசலில் பலகை உண்டு. 2025 செப்டெம்பர் மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பலகை விழவில்லை. யாழ்ப்பாணக் கோட்டைக்கு நெதர்லாந்து காசு கொடுத்தது. அதை விரித்துக் கட்டினவர்களுக்கு அவ்வளவாவது வெட்கம் இருந்தது. குருநகர் ஒழுங்கைக்குள் நிற்கும் வீட்டைக் கட்டியது ஒல்லாந்தன் இல்லையே, ஒரு சம்மாட்டியோ தோணிக்காரனோதானே. அதற்கு யார் காசு தருவார்?

இந்தச் சுவர்களில் இருக்கிற முருகைக்கல்லின் கதை இன்னும் இனிப்பு. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது குற்றம். நல்ல சட்டம், முருகைப்பார் அழிந்தால் மீன் அழியும், கரை அழியும். ஆனால் அந்தக் கல் இனிக் கிடைக்காது என்று தெரிந்த பிறகு, ஏற்கனவே சுவரில் இருக்கிற கல்லைப் பொன் போல வைத்திருக்க வேண்டாமா? நாங்கள் அதை அலவாங்கால் குத்தி விழுத்தி, ரக்ரரில் ஏற்றி, புது வீட்டு அத்திவாரத்துக்கு நிரவுகிறோம். கடலுக்குள் இருந்தால் சட்டம் காக்கும். வீட்டுக்குள் வந்தால் அது கும்பி.

மருந்து என்னவென்று தெரியாமல் இல்லை. மலிவான மருந்து, அதனால் விற்பாரில்லை. முதலில் கூரையின் பீலியையும் தாழ்வாரத்தையும் திருத்து. பிறகு வெளியே பார்: காப்பெற் போட்டுப் போட்டு வீதியை உயர்த்தியதில் உன் நிலம் பள்ளமாகிவிட்டது, மழைத்தண்ணி படியேறி வருகிறது. சுவரோரச் சீமெந்துத் தளத்தை உடைத்து மண்ணைத் தாழ்த்தி, தண்ணி ஓட வாய்க்கால் விடு. கீழ்ப்பக்கச் சீமெந்துப் பூச்சைக் கவனமாகக் கழற்று. கழற்றிவிட்டுச் சும்மா இரு. ஒரு சோளகம் முழுக்கச் சுவர் காயட்டும். உப்பைத் தூரிகையால் தட்டி அள்ளு. தண்ணி ஊற்றிக் கழுவாதே, கழுவினால் அது திரும்ப உள்ளே போகும். பிறகு சுண்ணாம்புச் சாந்து, சுண்ணாம்பு வெள்ளை. வெக்கைக்குக் கூரையைப் பார்: சீற்றுக்கும் சீலிங்குக்கும் இடையில் காற்று ஓட இரு பக்கமும் வழி விட்டு, மினுக்குத் தாளை இடைவெளி வைத்துக் கட்டு, சீற்றோடு ஒட்டிவிட்டால் அது வெறும் அலங்காரம். முடிந்தால் ஓட்டுக்கே திரும்பு. சுவரில் எதையும் ஒட்டாதே.

இதில் எந்த வரி கஷ்டம்? "சும்மா இரு" என்ற வரிதான். சும்மா இருப்பதற்கு மதிப்பீட்டில் இடமில்லை, அதில் தரகும் இல்லை. யூலை 25 யாகப்பர் பெருநாளுக்குக் கனடாவிலிருந்து பதினைந்து பேர் வருகிறார்கள். சுரண்டின சுவரோடு அவர்களுக்கு எப்படி முகம் காட்டுவது? சுவர் செத்தாலும் பரவாயில்லை, படத்தில் பளபளக்க வேண்டும்.

அக்காவின் வீட்டிலும் பெருநாளுக்கு முன் வேலை தொடங்குகிறதாம். இந்த முறை பூச்சு இல்லை, சுவருக்கு டைல்ஸ். ஓவசியர் வந்து நாடா பிடித்துத் தரையிலிருந்து நாலடிக்குப் பென்சிலால் கோடு கீறிவிட்டார். அக்கா கோட்டையும் பார்த்தா, அவரையும் பார்த்தா.

"தம்பி, ஈரம் நாலடிக்கு மேல வந்தால்?"

"அப்ப கூரை மட்டுக்கும் ஒட்டுவம் அக்கா."